அன்னாசியின் முதல் துண்டு

ஏப்ரல் 27, திங்கள்

இந்த டைரி போன வருடத்தது. உரக்கடையில் அப்பாவுக்குச் சும்மா கொடுத்தது. கிழமைகள் தப்பாக இருக்கும். அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்ற பிறகு இதில் மட்டும்தான் எழுதுகிறேன். எழுத எனக்குப் பிடிக்கும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால்தான் வாய் திறக்காது. ஒரு நாள் தமிழ் பீரியட் முழுக்க அப்படியே நின்றேன். மறுநாள் போகவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன்களும் கேட்கவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார். எனக்கு ஏழு வயதில் இறந்துபோனார்.

கொடைக்கானலில் இந்த விடுதிக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று முதலாளி வயலட் மேடம் எங்கள் எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் என்றால் சமையல் மாஸ்டர் இன்னாசி, நான், மூன்று வாரம் முன்பு வந்த அமலி அக்கா.

“மே மாசம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மத்தியானம் புல்தரையில பார்பிக்யூ. மூணு மணிக்கு மேல மூடுபனி எறங்கிரும், அதுக்குள்ள முடிக்கணும். கோழி, மட்டன் மாஸ்டர் பாத்துக்குவார். பழம் சுடுறது நீங்க ரெண்டு பேரும்.”

“பழத்தைச் சுடுறதா?” என்றார் மாஸ்டர். “நாங்க சின்னப்பிள்ளையில பழத்தை நெருப்புல போட்டா முதுகுல போடுவாங்கெ.”

மேடம் சிரிக்கவில்லை. போகும்போது, மழை வரும் போலிருக்கிறது என்பதைப்போல, இன்னொன்றும் சொன்னார். “சீசன் முடிஞ்சா எனக்கு ஒரு பொண்ணு போதும். யாருன்னு மே கடைசியில சொல்றேன்.”

இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் ஜூனில் என்னை மில்லுக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருக்கிறார். சமவெளியில் எங்கோ ஒரு நூல் மில். மூன்று வருடம் ஹாஸ்டல். ஒரே கூடத்தில் அறுபது பெண்கள் படுக்க வேண்டுமாம். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அமலி அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம்கூட அவர் மகள் படிப்பு வரை விசாரித்துவிடுவாள்.

ஏப்ரல் 29, புதன்

பழம் சுடப் பழகினோம். கம்பி வலையில் எண்ணெய் தடவி, கரி வெள்ளை பூத்த பிறகுதான் பழத்தை வைக்க வேண்டும். வைத்தால் தொடக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பிய்ந்துவிடும். வெந்ததும் கம்பியைத் தானாகவே விட்டுவிடும். சர்க்கரையை முதலிலேயே தூவினால் கருகிக் கசக்கிறது. மலைவாழைப்பழத்தைத் தோலோடு நீளமாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கீழே வைப்பது என் யோசனை. மேடம் தலையாட்டினார். எனக்கு வாழையும் பிளம்ஸும். அமலி அக்காவுக்கு அன்னாசி.

இந்த விடுதியில் ஒரு சட்டம் உண்டு. எது செய்தாலும் செய்தவர்தான் முதல் துண்டைச் சாப்பிட வேண்டும். முன்பு ஒரு விருந்தாளிக்கு வயிறு கெட்டுப் பெரிய ரகளை ஆனதாம். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

என் வாழைப்பழத்தை நான் சாப்பிட்டேன். அமலி அக்கா தன் அன்னாசியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“இந்தா புள்ள, எனக்கும் சேத்து நீயே தின்னு. எனக்குப் பல்லு கூசுது.”

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் புளியங்காயைக் கடித்தாளே, அப்போது பல் கூசவில்லையா?

மே 1, வெள்ளி

கரி மூட்டையைக் கட்டியிருந்த சணல் அவிழ்ந்து கிடந்தது. நான் இரட்டை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அடியில் கிடந்த சின்னத் துண்டுகளை மட்டும் யாரோ பொறுக்கியிருக்கிறார்கள்.

மே 3, ஞாயிறு

முதல் பார்பிக்யூ. பன்னிரண்டு விருந்தாளிகள். நான் புகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். புகை இருந்தால் நல்லது, முகம் தெரியாது.

அமலி அக்கா புகைக்கு முன்னால் நின்றாள். “சார், இது அன்னாசி இல்ல, அல்வா. வாயில வச்சுப் பாருங்க” என்கிறாள். “என்னம்மா இவ்வளவு சின்னத் துண்டு?” என்று ஒருவர் கேட்டால், “பெருசு தின்னா கோழிக்கு எடம் இருக்காது சார், மாஸ்டர் அழுவாரு” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னிடம் ஒரு பெண் வந்து இது என்ன பழம் என்று கேட்டார். நான் தோலைக் காட்டினேன்.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். பரிமாறும் முன் மேடம் பார்க்க அக்கா அன்னாசித் துண்டை வாயில் போட்டாள். மேடம் திரும்பியதும் நீலப்பூச் செடிக்குள் துப்பினாள். பிறகு தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தாள், இரண்டு தடவை.

தான் சுட்டதைத் தானே ஏன் துப்ப வேண்டும்?

மே 6, புதன்

சாலட்டுக்கு வைத்திருந்த மாங்காயில் இரண்டைக் காணவில்லை. மேடம் என்னைத்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா ஆமாம் என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரி மூட்டையை வெளியே கொண்டுபோகச் சொன்னால் இடுப்புப் பிடிப்பு என்கிறாள். தண்ணீர் வாளியும் பாதிதான் பிடிக்கிறாள். மீதியெல்லாம் நான்தான் தூக்குகிறேன். ஆனால் மேடம் ஜன்னலில் பார்க்கும் நேரம் துடைப்பத்தோடு நிற்பது அவள்.

மே 9, சனி

விடியற்காலையில் அவள் படுக்கை காலியாக இருந்தது. நாங்கள் இருவரும் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் உள்ள ஒரே அறையில்தான் படுக்கிறோம். வெளியே போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“வெயில் பித்தம்” என்றாள்.

நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவளும்தான்.

“மேடத்துக்கிட்ட சொல்லிறாத பிலோமி. சீக்குக்காரின்னு நெனச்சு அனுப்பிச்சுருவாக.”

நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்தேன். சீக்கு இருந்தால் எல்லோரும் சாப்பிடும் பழத்தைத் தொடலாமா? அவள் பல் துலக்கப் போனபோது பாயின் கீழே பார்த்தேன். பேப்பரில் பொட்டலமாகக் கட்டிய கரித் துண்டுகள். ஒன்றில் பல் பதிந்திருந்தது.

கரியை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? பொடித்து எதிலாவது கலக்கிறாளா?

மே 10, ஞாயிறு

இந்த வாரம் பப்பாளியும் சுட வேண்டும் என்றார் மேடம். அக்காவிடம் கத்தியைக் கொடுத்தேன். வாங்கவில்லை. “அது நீ அறு. நான் உன் பிளம்ஸுக்கெல்லாம் கொட்டை எடுத்துத் தாரேன்” என்றாள். அத்தனை பிளம்ஸுக்கும் கொட்டை எடுத்தாள். கை முழுக்கச் சிவந்திருந்தது. ஒரு பழத்தை அறுக்காமல் தப்பிக்க இத்தனை வேலையா?

முதல் துண்டு விஷயத்தில் இன்றும் ஏமாற்றினாள். அன்னாசியை வாய் அருகே கொண்டுபோய் முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள். பிறகு அது நாய்க்குப் போனது. நாய் அதை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நாய் ஏன் தின்னவில்லை? நாய் அன்னாசி தின்னுமா என்று தெரியவில்லை. மாஸ்டரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

விருந்தாளி ஒருவர் மேடத்திடம், “அந்தச் சிரிச்ச மொகம் இருக்கே, அதை விட்றாதீங்க” என்றார். என் முகத்தைச் சொல்லவில்லை.

மே 13, புதன்

மத்தியானம் அறைக்குள் போனேன். அமலி அக்கா தன் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் போட்டு மூடினாள். துணிக்குள் எதையோ ஒளித்து வைக்கிறாளோ.

இன்று இவ்வளவுதான்.

மே 14, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

மே 17, ஞாயிறு

மழை. பார்பிக்யூ இல்லை. விருந்தாளிகள் உள்ளே சீட்டு விளையாடினார்கள். நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தோம்.

அப்பா மாஸ்டரின் போனில் கூப்பிட்டார். “மில்லுக்காரரு மூணாந்தேதி வாராராம். அந்தம்மா என்ன சொல்லுச்சு? வச்சுக்கிருமா?”

“தெரியலப்பா.”

“வாயத் தொறந்து கேளு பிள்ள. கேட்டாத்தான் குடுப்பாங்கெ.”

போனை வைத்ததும் அமலி அக்கா, “என்னடி, மூஞ்சி இப்படிப் போச்சு?” என்றாள். பட்டாணியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் என் தலையில் ஒரு தொலியை வைத்துவிட்டு, “ஊமைக் கோட்டான்” என்றாள். மாஸ்டர் சிரித்தார். அவள் உடனே, “சும்மா சிரிக்காதீக மாஸ்டர். அவ சுட்ட வாழப்பழத்தை உங்களால சுட முடியுமா? எல்லாருக்கும் வாயில ருசி இருக்கும், அவளுக்குக் கையில” என்றாள்.

இப்படி நல்லவிதமாகப் பேசுவது எதற்கு? மேடம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாரா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

மே 20, புதன்

24ஆம் தேதி கோயம்புத்தூரிலிருந்து ஒரே குடும்பத்தில் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். “அன்னைக்கு முடிவு பண்ணிருவேன்” என்று மேடம் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. “பேசுற பொண்ணா, பேசாத பொண்ணான்னுதான் கொழப்பம். பேசுறதுதான் பிசினசுக்கு நல்லது.”

மே 23, சனி

இன்று மேடத்திடம் பேசினேன்.

அவர் வராந்தாவில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். இரண்டு தொட்டி ஊற்றி முடிக்கும் வரை நின்றேன்.

“என்ன பிலோமினா?”

“அமலி அக்கா அன்னாசியத் திங்க மாட்டேங்குது மேடம். துப்பிருது.”

“எது, மொதத் துண்டையா?”

தலையாட்டினேன்.

“எத்தன நாளா?”

“மொதல்லேருந்து. கரியைப் பொட்டலம் கட்டிப் பாய்க்கு அடியில வச்சிருக்கு.”

இந்த வீட்டில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. மேடம் பூவாளியைக் கீழே வைத்தார். “நல்லவேளை சொன்ன” என்றார்.

விடுதி நல்லபடி நடக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு ஏதாவது ஆனால் எல்லோருக்கும்தான் கஷ்டம். அதனால்தான் சொன்னேன்.

மே 24, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் கரி பற்றவைத்தோம். நல்ல வெயில். கோயம்புத்தூர்க்காரர்கள் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பருமனான ஓர் அம்மாதான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலை நிறைய மல்லிகை. மாஸ்டரின் கோழியைப் பார்த்து, “ஏனுங்க, இது வேகுதுங்களா, குளிர் காயுதுங்களா?” என்று கேட்டார்.

அமலி அக்கா அன்னாசி வட்டங்களை வலையில் அடுக்கினாள். இரண்டடி தள்ளி என் வலை. வாழைப்பழம் கம்பியில் உட்கார்ந்ததும் சுர்ரென்றது. மேடம் நேராக அக்காவிடம் வந்தார்.

“மொதத் துண்டு சாப்டாச்சா அமலி?”

“ஆச்சு மேடம்.”

“நான் பாக்கலயே. இன்னொண்ணு எடு.”

அக்கா இடுக்கியால் ஒரு வட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். புகை வந்துகொண்டிருந்தது.

“சூடா இருக்கு மேடம்.”

“ஊதிச் சாப்பிடு. நான் நிக்கிறேன்.”

“பல்லு கூசுது மேடம்.”

“ஒரு மாசமாவா கூசுது?”

மாஸ்டர் அங்கிருந்து, “சாப்புடுமா, ஒரு துண்டுதான? இல்லாட்டி நான் தின்னு தொலைக்கிறேன்” என்றார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“வர்றவங்களுக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுக் குடுக்குற. நீ மட்டும் துப்புற. பாய்க்கு அடியில கரிப் பொட்டலம். இதுல என்ன கலந்திருக்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த அறையில் படுப்பது நாங்கள் இருவர்தான். யார் சொன்னது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் வாழைப்பழத்தைத் திருப்பினேன். இன்னும் கம்பியை விடவில்லை. பிய்ந்துவிடும் என்று தெரிந்தும் திருப்பினேன்.

“மேடம், கோழி வேணாத் திங்கிறேன். அந்தப் புள்ள சுட்ட வாழப்பழம் பத்து வேணாத் திங்கிறேன். சத்தியமா இதுல ஒண்ணும் கலக்கல. இது மட்டும் வேணாம்.”

“ஒண்ணும் கலக்கலன்னா திங்குறதுக்கு என்ன?”

அக்கா துண்டைக் கையில் எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனாள். இன்னொரு கை தன்னால் அடிவயிற்றுக்குப் போனது.

அப்போது அந்தப் பருமனான அம்மா, “கீழ போடு கண்ணு அதை” என்று சத்தம் போட்டார். எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், புல்லில் வேகமாக வந்தார். அக்காவின் கையிலிருந்து அன்னாசியைப் பிடுங்கித் தூரப் போட்டார்.

“எத்தன மாசம் சாமி?”

அக்கா முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள்.

“ஏனுங்க, நீங்களும் ஒரு பொம்பளைதானுங்களே?” என்று மேடத்திடம் திரும்பினார். “அன்னாசி வேண்டாங்குது, கரி திங்குது. இதுக்கு மேல தண்டோரா போட்டுச் சொல்லோணுமா?”

அவருடைய மகள் டாக்டராம். “ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாதும்மா. அதெல்லாம் சும்மா பயம்” என்றாள்.

“நீ பேசாம இரு. உன்ற டாக்டர் படிப்பை ஆஸ்பத்திரியில வெச்சுக்க.”

“நாலு” என்றாள் அமலி அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு பேருக்கும் கேட்டது.

யாரோ கை தட்டினார்கள். அந்த அம்மா தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி அக்காவின் தலையில் வைத்தார். ஒருவர் போட்டோ எடுத்தார். மேடம் முகத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டு, “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அமலி?” என்று தோளைத் தட்டினார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் சிரிக்கிற அதே முகம்தான். “யாருகிட்டயும் சொல்லலம்மா” என்றாள் அந்த அம்மாவிடம். “எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. முன்னால ரெண்டு தங்கல. ரெண்டு தடவையும் வெளிய சொன்ன மறுவாரமே போச்சு. அஞ்சு முடிஞ்சாத்தான் சொல்லணும்னு மனசுல கட்டி வச்சிருந்தேன். இப்ப…”

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“இந்தவாட்டி நிக்கும் கண்ணு” என்றார் அந்த அம்மா. அவர் குரலும் இறங்கியிருந்தது.

அன்னாசி அத்தனையும் வலையிலேயே கருகிவிட்டது. இரண்டடி தூரம்தான், நான் திருப்பியிருக்கலாம். பிய்ந்தவற்றை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாழைப்பழம் வைத்தேன். இந்த முறை பொறுமையாக இருந்தேன். நன்றாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மே 25, திங்கள்

காலையில் மேடம் அமலி அக்காவைக் கூப்பிட்டார். புகையும் நெருப்பும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, உன் நல்லதுக்குத்தான் என்றார். பத்தே நிமிடம்தான். பிறகு என்னிடம், “பையை அவளத் தூக்க விடாத. பஸ் ஏத்தி விட்டுட்டு வா” என்றார்.

பூம்பாறை பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. அக்கா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் அதுல என்னமோ கலந்துட்டேன்னு நெசமாவே நெனச்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் சின்னப் பெண், தாயில்லாதவள், எனக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பாள்.

“இல்லக்கா.”

“எப்பத்திலேருந்து தெரியும்?”

“பதிமூணாந்தேதி. ஜாக்கெட்டப் பிரிச்சீங்கள்ல.”

விரலை மடக்கி எண்ணினாள். “பத்து நாளா மனசுல வச்சிருந்து போய்ச் சொல்லியிருக்க. ஏன்டி?”

“மில்லு” என்றேன். அப்பா, மூன்றாம் தேதி, அறுபது பேர் எல்லாம் சொல்ல நினைத்தேன். அந்த ஒரு சொல்தான் வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. போனில் அப்பா சத்தமாகப் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள்தானே.

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“அடிப்பாவி. நான் ஒண்ணாந்தேதி கெளம்புறேன்டி. அவுக வந்து கூட்டிட்டுப் போறாக. கோட்டயத்துல ரப்பர் தோட்டத்துலயே வீடு குடுத்துட்டாக. இந்த வேலை எனக்கு எதுக்கு? மாமியா வீட்டுல பூண்டு மூட்டை தூக்கச் சொல்லுவாகன்னு, ரெண்டு மாசம் ஒதுங்கி நிக்கத்தான வந்தேன். இன்னும் ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் நீ பொறுத்திருந்தா நான் என் போக்குல போயிருப்பேன்.”

“மூட்டை தூக்காதீங்கக்கா.”

“ஏன் தூக்கலன்னு கேப்பாக. சொல்லணும். சொன்னா ஊரு பூராம் சொல்லும்.” மூக்கைச் சிந்தினாள். “என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? மேடத்துக்கிட்டப் பேச வந்த வாயி எங்கிட்ட வரலையா?”

பஸ் வந்தது. நான் பையோடு ஏறப் போனேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

“விடு. நான் தூக்கிக்கிறேன்.”

திரும்பி வந்து 13ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். “துணிக்குள் எதையோ ஒளித்து வைக்கிறாளோ” என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதே எனக்குத் தெரியும். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு லூர்து அக்கா வயிறு தெரியாமல் இருக்க அப்படித்தான் தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டுத் தைத்துக்கொண்டாள். அப்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததே நான்தான். இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தும் தெரியாதது போல எழுதியிருக்கிறேன்.

மே 28, வியாழன்

பூம்பாறை பஸ் போகும் நேரம் கேட்டுக்குப் போய் நின்றேன். அக்காவைப் பற்றிக் கண்டக்டரிடம் கேட்கலாம் என்று. பஸ் நிற்காமல் போய்விட்டது. நான் கையைக் காட்டவும் இல்லை.

மே 31, ஞாயிறு

கடைசி பார்பிக்யூ. அன்னாசி, வாழை, பிளம்ஸ் எல்லாம் நானே சுட்டேன். விருந்தாளிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வாய் திறக்கத்தான் செய்கிறது.

முடிந்ததும் மேடம், “நீ இருந்துக்க பிலோமினா. நம்பிக்கையான ஆளு” என்றார்.

அப்பாவுக்குச் சொன்னேன். “மில்லுக்காரருகிட்ட வேணாம்னு சொல்லிர்றேன்” என்றார். அவர் குரலில் சந்தோஷம். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூன் 1, திங்கள்

மத்தியானம் ஒருவர் கேட்டில் நின்றார். ஒல்லியான ஆள், கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்.

“அமலி இருக்கா? அவ வீட்டுக்காரன்.”

“ஊருக்குப் போயிட்டாங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். மாஸ்டர் வெளியே வந்து அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். மாஸ்டர் பேசப் பேச அவர் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு கை இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டார். சிப்ஸ் பாக்கெட்டைத் திண்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஜூன் 5, வெள்ளி

மாஸ்டருக்குப் போன் வந்தது. “சரிப்பா, சரி, பத்திரமாப் பாத்துக்க” என்று பேசினார். அமலி அக்காவின் வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தது. போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

“அமலி அக்கா நல்லாருக்காங்களா மாஸ்டர்?”

மாஸ்டர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

“வயித்துல…”

“அது உனக்கு எதுக்கு?” என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 8, திங்கள்

சீசன் முடிந்தும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். உதவிக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று மேடம் முடிவை மாற்றிக்கொண்டார். இன்று சிந்தாமணி என்று ஒருவர் சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். என் அம்மா இருந்தால் அந்த வயதுதான். காலையில் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை வைத்தார்.

பதினொரு மணிக்கு மாஸ்டர் அவரிடம் பேசுவது ஸ்டோர் ரூமில் இருந்த எனக்குக் கேட்டது.

“அந்தப் புள்ள முன்னாடி மட்டும் பாத்து நடந்துக்கங்க. பேசாது. ஆனா போய்ச் சொல்லிரும்.”

மத்தியானம் அவர் அடுப்படியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்கு வைத்த மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்திருந்தார். அதனால் என்ன? யாரும் கேட்கப்போவதில்லை. நான் உள்ளே போனதும் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டார்.

தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே நின்றேன்.

“சாப்புடுங்க” என்றேன்.

“ஆச்சும்மா, நான் சாப்பிட்டேன்” என்றார். எழுந்து, தட்டை மூடியபடியே வெளியே போய்விட்டார். சோறு சூடாக இருந்தது. முந்தானை வழியே ஆவி வந்துகொண்டிருந்தது.